ஈரத்தைத் தேடும் வாயு

2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் விடியற்காலை கடலுக்குப் போக வேண்டியவர்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பியது நெடி. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, நெஞ்சை யாரோ மிதிப்பது போல் மூச்சு முட்டியது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கிழவிகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இருட்டில் ஓடினார்கள். எச்சரிக்கைச் சங்கு எதுவும் ஒலிக்கவில்லை என்று ஊரார் பிறகு சொன்னார்கள். சின்னகுப்பம் உள்ளிட்ட பக்கத்து ஊர்களும் அன்றிரவு காலியாயின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

கசிந்தது அமோனியா. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குத் திரவ அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாய், கரையோரத்தில் உடைந்திருந்தது. கப்பல் வருவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு மூன்று நாள் தலைப்புச் செய்தியாக இருந்துவிட்டு, ஆலைக்கு எதிரே போட்ட போராட்டப் பந்தலோடு அது எண்ணூர்க்காரர்களின் சொந்தப் பிரச்சினையாகிப் போனது. அன்றிரவு எடுத்த அளவீடுகளை இன்று திரும்பப் பார்க்கையில், ஒரு வாயுவின் ஆபத்தை நாம் மதிப்பிடும் முறையில் இருக்கும் பெரிய ஓட்டை தெரிகிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் அமோனியாவின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன். பள்ளிப் பாடத்தில் படித்த எளிய மூலக்கூறுதான். அது தண்ணீரைக் கண்டால் விடாது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கரையும். கரைந்த இடத்தில் காரமாக மாறும். மனித உடம்பில் ஈரமான இடங்கள் கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அமோனியா தாக்குவதும் அந்த வரிசையில்தான். மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டுவதற்கு இதே வாயுதான் ஓடுகிறது. அதனால் மீனவர்களில் பலருக்கு இந்த நெடி புதிதில்லை. நெடி அடித்தால் துணியை நனைத்து மூக்கில் கட்டு என்பார்கள். அந்த ஈரத்துணி வேலை செய்வது, வாயு நம் தொண்டையின் ஈரத்தைத் தேடி வருமுன் துணியின் ஈரத்தில் கரைந்துவிடுவதால்தான்.

இன்னொரு குணமும் உண்டு. அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப் புத்தகம் சொல்லும். சாதாரண வெப்பத்தில் அது சரி. ஆனால் கப்பலில் வருவது மைனஸ் 33 டிகிரியில் குளிர்ந்த திரவம். அது வெளியே கொட்டி, கடலோரத்து ஈரக்காற்றில் கலக்கும்போது குளிர்ந்து கனத்த வெண்புகையாகிறது. மேலே எழாமல் தரையோடு படர்ந்து, தாழ்வான இடங்களில் தங்குகிறது. டிசம்பர் மாதத்து அமைதியான இரவு என்றால் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே கலக்காமல் நிற்கும். புகை கலைய இன்னும் நேரமாகும். பகல் இரண்டு மணிக்கு நடக்கும் கசிவும் இரவு பன்னிரண்டு மணிக்கு நடக்கும் கசிவும் ஒன்றல்ல என்பதைக் கருவி வைத்துக்கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இனி அளவீடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் வந்து அளந்தபோது, ஆலைக்கு அருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. ஐந்து மடங்கு என்று எல்லாச் செய்திகளும் சொல்லின. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. மக்கள் ஒரு நாள் முழுக்கச் சுவாசிக்கும் காற்றுக்கு வைத்த கோலைக் கொண்டு, விபத்து முடிந்து எடுத்த ஒரு நேரத்து மாதிரியை அளந்திருக்கிறோம்.

அந்த 2,090ஐ வேறு அலகில் மாற்றிப் பாருங்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று பார்ப்பது வேதியியலில் வழக்கம், பிபிஎம் என்பார்கள். 2,090 மைக்ரோகிராம் என்பது வெறும் 3 பிபிஎம். பத்து மணி நேரம் வரை வேலை பார்க்கும் தொழிலாளிக்கே 25 பிபிஎம் வரை சரி என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர்கள் குறித்திருக்கும் அளவு 300. மூன்று பிபிஎம்மில் ஒரு ஊர் அலறி எழுந்து ஓடாது, ஐம்பது பேர் மருத்துவமனைக்குப் போகமாட்டார்கள். அப்படியானால் குப்பத்துக்குள் புகுந்த புகையில் எவ்வளவு இருந்திருக்கும்? நூறா, இருநூறா, அதற்கும் மேலா? அதை அளக்க அங்கே கருவி இல்லை. கருவி வந்தபோது புகை போய்விட்டிருந்தது. ஆவணத்தில் ஏறிய எண், ஆபத்து கடந்துபோன பிறகு மிச்சமிருந்த எண். அந்த நள்ளிரவில் பெரியகுப்பத்தில் வேலை செய்த ஒரே அளவுமானி மனிதர்களின் மூச்சுக்குழாய்.

இதைச் சொல்வதால் பாதிப்பு குறைவு என்று யாரும் வாதிட வழி வைக்கிறேனோ என்று தயங்கினேன். உண்மை நேர்மாறு. 2,090ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், நாளைக்கு ஒரு கெட்டிக்கார வழக்கறிஞர் இதே கணக்கைப் போட்டு, மூன்று பிபிஎம்மில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நிரூபித்துவிடுவார். தவறான இடத்தில், தவறான நேரத்தில் எடுத்த எண் பாதிக்கப்பட்டவனுக்கே எதிராகத் திரும்பும்.

எவ்வளவு கசிந்தது? பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு தந்த கணக்கு சுமார் 67 டன். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் கை நடுங்கியது. காரணம் டக்கார்.

1992 மார்ச் 24 அன்று ஆப்பிரிக்காவின் செனகல் தலைநகரான டக்காரில், ஒரு நிலக்கடலை எண்ணெய் ஆலையில் நின்ற டேங்கர் வெடித்தது. உள்ளே இருந்தது 22 டன் அமோனியா. 129 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். எண்ணூரில் வெளியேறியது அதைப்போல மூன்று மடங்கு. அபாயகரமான ரசாயனங்களுக்கென்று போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1989இல், நாம் எழுதிய மத்திய விதிகளில், தனிச் சேமிப்பாக வைக்கும் அமோனியாவுக்குக் குறிக்கப்பட்ட முதல் வரம்பே 60 டன்தான். அந்த அளவுக்கு மேல் எண்ணூரில் கசிந்தே போயிருக்கிறது. இருந்தும் பெரியகுப்பத்தில் ஓர் உயிரும் போகவில்லை. ஏன்?

குழாய் உடைந்தது தண்ணீருக்குள். இதுதான் விடை. ஈரத்தைத் தேடும் வாயுவுக்கு வாசலிலேயே ஒரு கடல் கிடைத்தது. 1970களில் அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்காக நடந்த சோதனைகளில், நீரின் மேற்பரப்பில் கொட்டிய திரவ அமோனியாவில் பாதிக்கு மேல் நீரிலேயே கரைந்தது. நீருக்கு அடியில் வெளியேறியது இன்னும் அதிகமாகக் கரைந்தது. எண்ணூரிலும் பெரும்பங்கைக் கடல் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் ஊருக்கு அனுப்பியிருக்கிறது. அதே குழாய் இரண்டு பர்லாங் தள்ளி, தரையின் மேல் உடைந்திருந்தால் நான் இன்று வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெரும்பங்கை வாங்கிக்கொண்ட கடலுக்கு என்ன ஆனது?

கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அமோனியா இருந்தது, இருக்க வேண்டியது 5 என்று அறிவித்தார்கள். இந்த 5 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தொழிற்சாலைக் கழிவுநீரில் தனித்த அமோனியா எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான பொது வரம்பு அது. குழாயின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டிய கோல். கடலில் கலந்து நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கையில் அவ்வளவு பெரிதாக வைத்தது. மீன் வாழும் நீருக்கான வரம்பு அதுவல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1989இல் கடல்வாழ் உயிர்களுக்காக வகுத்த அளவுகோலில், தனித்த அமோனியா குறுகிய நேரத்துக்கு லிட்டருக்கு 0.233 மில்லிகிராம், நீண்ட நாளுக்கு 0.035 மில்லிகிராம். நாம் கையில் எடுத்த கோலுக்கும் இதற்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நீரில் கரைந்த அமோனியா இரண்டு உருவில் இருக்கும். அயனியாக மாறியது அவ்வளவு கெடுதல் செய்யாது. மாறாமல் தனித்து நிற்பதுதான் மீனின் செவுள் வழியே ரத்தத்தில் ஏறும். நம் கடல்நீரின் காரத்தன்மைக்கும் வெப்பத்துக்கும் குறைந்தது இருபதில் ஒரு பங்கு தனித்த உருவில் இருக்கும். 49ஐ மொத்த அளவாகவே வைத்துக்கொண்டாலும் தனித்த அமோனியா லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிகிராம். குறுகிய நேர வரம்பைப்போலப் பத்து மடங்கு. கசிந்த 67 டன்னில் பாதி, அதாவது முப்பத்துமூன்றரை டன் அளவுக்குக் கடலில் கரைந்தது என்று குறைத்தே வைத்தாலும், அந்த வரம்புக்குள் அது நீர்த்துப்போக ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், ஏழு மீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்ட நீர் வேண்டும். கரையோரம் அவ்வளவு ஆழமில்லை. அதனால் பரப்பு இன்னும் விரியும். அந்தப் பரப்பில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஆற்று முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் போய்வருகின்றன. செத்து ஒதுங்கும் பெரிய மீனைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். குஞ்சும் முட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. ஆறு மாதம் கழித்து வலையில் மீன் குறைந்திருக்கும்போது, அதற்கும் இந்த இரவுக்கும் முடிச்சுப் போட யாராலும் முடியாது.

செத்தது போக மிச்சமிருப்பதற்கும் தொல்லை முடியவில்லை. நீரில் கரைந்த அமோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். ஒரு டன் அமோனியா அப்படி மாற ஏறத்தாழ மூன்றே முக்கால் டன் ஆக்சிஜன் வேண்டும். அது அந்த நீரிலிருந்தே எடுக்கப்படுகிறது, மீன் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜன். பிறகு நைட்ரேட் பாசிகளுக்கு உரமாகிறது. வயலுக்கு வாங்கிய உரம் கடலில் விழுந்தால் அங்கேயும் அது உரமாகத்தான் வேலை செய்யும்.

எண்ணூரின் கணக்கை இன்னும் சிக்கலாக்கியது அதற்கு மூன்று வாரம் முன் நடந்தது. மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு வந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படிந்திருந்தது. மீனவர்கள் வாளியாலும் முறத்தாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படங்களை நாம் பார்த்தோம். அந்தக் கறை காயுமுன் அமோனியா வந்தது. இப்போது ஒரு நண்டு செத்துக் கிடந்தால் எண்ணெயால் செத்ததா, வாயுவால் செத்ததா? ஒவ்வொரு ஆலையும் தன் பங்கை மட்டும் தனியே எடுத்து, இது வரம்புக்குள்தான் என்று காட்ட முடியும். குப்பத்து மனிதர்களும் குப்பத்து நண்டும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

காற்றிலும் இதே கதைதான். வினைபுரியும் வாயுவைத் தனியே மதிப்பிடவே கூடாது என்பதற்கு அமோனியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து கந்தக டை ஆக்சைடு வருகிறது, வாகனங்களிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. இவை காற்றில் அமிலமாகின்றன. அமோனியா அந்த அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகிறது; நுரையீரலின் அடி வரை இறங்கும் துகள். வாயுவாக இருக்கையில் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மறைந்துபோகும் அமோனியா, துகளான பிறகு நாட்கணக்கில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அனல்மின் நிலையங்களும் உர ஆலையும் சுத்திகரிப்பு ஆலையும் அடுத்தடுத்து நிற்கும் எண்ணூர் - மணலி வட்டாரத்தில் ஒவ்வொரு புகைபோக்கியையும் தனித்தனியே பரிசோதித்தால், அவை சேர்ந்து காற்றில் உண்டாக்கும் துகள் எந்த ஆலையின் கணக்கிலும் ஏறாது.

குழாய் ஏன் உடைந்தது? அதைச் சுற்றிப் போட்டிருந்த பாறைகள் மிக்ஜாம் புயலில் நகர்ந்து மோதியிருக்கலாம் என்பது குழுவின் முடிவு. பாதுகாப்புக்காகப் போட்ட கல்லே குழாயை உடைத்திருக்கக்கூடும். குழாய் 1990களில் போடப்பட்டது. அதன் பிறகு இந்தக் கரை எத்தனை புயல்களைப் பார்த்துவிட்டது, சுனாமியையே பார்த்துவிட்டது. ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி கேட்கும்போது தரும் அறிக்கையில் அபாய மதிப்பீடு என்று ஓர் அத்தியாயம் இருக்கும். தொட்டி உடைந்தால், வால்வு கழன்றால் வாயு எவ்வளவு தூரம் போகும் என்று கணினியில் கணக்கிட்டு, ஆலைப் படத்தின் மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் வட்டம் போட்டிருப்பார்கள். இதற்கு நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் அலோஹா என்ற அமெரிக்க மென்பொருள், பெரும்பாலும் நிலத்தின் மேல் நடக்கும் கசிவுக்காக எழுதப்பட்டது. கடலுக்கு அடியில் உடையும் குழாயை அதில் கணக்கிட முடியாது. அந்த வட்டங்களின் நடுப்புள்ளி ஆலைக்குள் இருக்கும். எண்ணூரில் கசிந்ததோ வேலிக்கு வெளியே, மக்கள் நடமாடும் கரையை ஒட்டிய கடலில்.

குழு சொன்ன பரிந்துரைகள் நல்லவை. பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும், கசிவு உணர்விகள் வேண்டும், நீர்த்திரை வேண்டும் என்றது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடாகவும் கணக்கிடப்பட்டது. உரிய துறைகளின் தடையின்மைச் சான்று பெற்ற பின்பே இயங்கலாம் என்று தீர்ப்பாயம் சொல்ல, 2024இலேயே ஆலை மீண்டும் இயங்க வழி பிறந்தது. ஆலை வேண்டாம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்கள் கேட்டது நடக்கவில்லை என்பது ஒரு புறம். குறைந்தபட்சம், இன்னொரு முறை நடந்தால் தெரிந்துகொள்ளும் வழியாவது அவர்கள் கையில் இருக்க வேண்டாமா? ஆலைக்குள் இருக்கும் உணர்வி ஆலைக்காரருக்குச் சொல்லும். குப்பத்தின் நடுவே, பள்ளிக்கூடத்தின் மாடியிலோ கோயில் தெருவிலோ ஒரு கருவி நின்று, நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் காட்டி, அளவு மீறினால் தானே சங்கு ஊத வேண்டும். அந்த எண்கள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி சேமிக்கப்பட வேண்டும். கடலுக்கும் அப்படியே: மாதம் ஒரு முறை கரையோர நீரையும் குஞ்சு மீன்களையும் பதிவு செய்து வைத்தால்தான், விபத்துக்கு மறுநாள் எதோடு ஒப்பிடுவது என்பது தெரியும். ஒவ்வொரு புயலுக்கும் பிறகு முக்குளிப்பவர்களை இறக்கிக் குழாயைப் பார்க்காமல், அழுத்தச் சோதனை செய்யாமல், ஒரு சொட்டுத் திரவ அமோனியாவும் அதற்குள் போகக் கூடாது. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு கப்பல் சரக்கின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இதை எண்ணூரோடு நிறுத்தவும் முடியாது. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அமோனியாவாக மாற்றினால் மைனஸ் 33 போதும். அதனால் வரும் ஆண்டுகளில் பசுமை ஹைட்ரஜன் என்ற பெயரில் உலகெங்கும் கப்பலேறப் போவதில் பெரும்பகுதி அமோனியாதான். மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் மையமாகத் தேர்ந்த துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. நிலக்கரியைவிட அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காற்றாலை மின்சாரத்தில் செய்தாலும் இயற்கை எரிவாயுவில் செய்தாலும், தொண்டையில் இறங்கும்போது அமோனியா ஒன்றேதான். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் கடற்புல்லும் இருக்கும் கடலில், எண்ணூரில் வைத்த அதே கழிவுநீர்க் கோலை நட்டுக்கொண்டு தொட்டிகளைக் கட்டத் தொடங்கினால், நாம் எதையும் கற்கவில்லை என்று அர்த்தம். அங்கே தொட்டிகள் எழுவதற்கு முன், இப்போதே, கடலுக்கான தனி வரம்பை எழுத வேண்டும்.

ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு என்ன ரசாயனம் பக்கத்தில் இருக்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆலைக்கு வெளியிலான அவசரத் திட்டம் ஒன்றும் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும். எண்ணூரில், மணலியில், கடலூர் சிப்காட் பக்கத்தில், தூத்துக்குடியில் குடியிருப்பவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அந்த ஆவணத்தைக் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கையில் கிடைத்ததும் அதில் உங்கள் தெருவின் பெயர் இருக்கிறதா, இரவு பன்னிரண்டு மணிக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.